இல்லாத கை எப்படி வலிக்கும்? மூளை காட்டும் 'லைவ் ஷோ'!

கண்ணை மூடிக்கொண்டு வலது கையை மெதுவாக மடக்கி விரியுங்கள். பார்க்காமலே ஐந்து விரலும் எங்கே இருக்கின்றன என்று தெரிகிறது, இல்லையா? "கை இருக்கு, அதான் தெரியுது. இதுல என்ன அதிசயம்?" என்பீர்கள். சரி, அந்தக் கையே இல்லாதவருக்கும் இது தெரிகிறதே, அதை என்ன சொல்வது?

கள்ளிக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் பவர் பிரஸ் பற்றிக் கேட்டுப்பாருங்கள். தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் பிரஸ் இறங்கினால், விரல் போகும். சில நேரம் கையே போகும். காயம் ஆறிவிடும். புதிர் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. போன கை அரிக்கும். இறுக்கி மூடிய மாதிரியே இருக்கும், நகம் உள்ளங்கையில் குத்தும், ஆனால் திறக்க முடியாது. திறப்பதற்குக் கைதான் இல்லையே!

கை, காலை இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படி ஏதோ ஒரு உணர்வு இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்த மருத்துவர் சைலஸ் வீர் மிட்செல், 1871-லேயே இதற்கு 'ஃபாண்டம் லிம்ப்' என்று பெயர் வைத்துவிட்டார். பேய் உறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் இதைச் சொன்னால், "எல்லாம் மனப்பிரமை, விடுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். பிரமையே இல்லை. அந்த வலி உங்கள் பல்வலி அளவுக்கு நிஜம். ஏனென்றால் பல்வலியும் பல்லில் வலிப்பதில்லை. பல்லிலிருந்து போவது வெறும் நரம்பு சிக்னல். அதை 'வலி' ஆக்குவது மூளை.

இந்தப் பேயை ஓட்டக் கிளம்பியவர் நம்ம ஊர்க்காரர்தான். வி.எஸ்.ராமச்சந்திரன், 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். வடசென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, கேம்பிரிட்ஜ் போய், கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியர் ஆனவர். கார் விபத்தில் இடது கையை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் முகத்தைத் தொட்டார். "எங்கே தொடுறேன்?" கன்னம் என்றார் இளைஞர். கூடவே, இல்லாத கட்டைவிரலையும் தொடுவதாகச் சொன்னார். முகத்தில் வெந்நீர் வழிந்தபோது, இல்லாத கையிலும் அது வழிந்தது!

காரணம் என்ன? மூளையின் மேற்பரப்பில் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. கனடாவின் வைல்டர் பென்ஃபீல்ட், அறுவை சிகிச்சையில் விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு வரைந்தது. அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கை காலி செய்த வீட்டுக்குள் முகத்தின் சிக்னல் குடியேறிவிட்டது என்றார் ராமச்சந்திரன். அழகான விளக்கம், ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. கை அகற்றப்படுவதற்கு முன்பிருந்தே மூன்று பேரை ஸ்கேன் செய்து பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2025-ல் வந்தது. கை போய் வருடங்கள் ஆன பிறகும் மூளையில் கையின் வரைபடம் பெரிதாக மாறவில்லை என்கிறது அது. அதாவது, வீடு காலியாகவே இல்லை.

எது சரியென்றாலும், அடுத்து அவர் செய்தது செம எளிமை. ஒரு பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி. நல்ல கையை அதன் முன்னால் வைத்தால், பிம்பம் போன கை இருந்த இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால், போன கையும் விரிவதைக் கண் பார்க்கும். மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த பேய்க் கை சிலருக்கு அங்கேயே தளர்ந்தது. 2007-ல் காலை இழந்த அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்த சிறிய சோதனையிலும் கண்ணாடிப் பயிற்சியால் வலி குறைந்தது. எல்லாருக்கும் பலன் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த வலி இருந்தால், டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ 'மிரர் தெரபி' என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். சொல்லக் கூச்சப்பட்டே வலியோடு இருப்பவர்கள் உண்டு.

உங்களுக்கும் ஒரு குட்டிப் பேய் இருக்கிறது. பாக்கெட்டில் போன் வைப்ரேட் ஆன மாதிரி இருக்கும், எடுத்தால் ஒன்றுமே வந்திருக்காது. மூளை கேமரா மாதிரி உள்ளதை உள்ளபடி பதிவதில்லை. வந்த துண்டு சிக்னலை வைத்து, மீதியைத் தானே யூகித்து நிரப்புகிறது.

சரி, சிக்னல் ஓடுகிறது. அது ஏன் 'வலிக்க' வேண்டும்? சத்தமில்லாமல் வேலையை முடிக்காமல், உள்ளே ஓர் அனுபவமாக ஏன் தெரிய வேண்டும்? தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் இதைத்தான் 'கடினமான பிரச்னை' என்றார். மூளை விஞ்ஞானி கிறிஸ்டாஃப் கோக், 25 வருடத்துக்குள் இதற்கான நரம்பு அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998-ல் அவரிடம் பந்தயம் கட்டினார். 2023-ல் நியூயார்க் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். இரண்டு பெரிய கோட்பாடுகளை நேருக்கு நேர் மோதவிட்ட சோதனையிலும் முழு வெற்றி யாருக்கும் இல்லை. அதில் ஒன்றின் சுருக்கப் பெயர் ஐ.ஐ.டி. நம்ம கிண்டி ஐ.ஐ.டி. இல்லை, குழம்பாதீர்கள்.

ஆனால் அந்த ஐ.ஐ.டி.யும் சும்மா இல்லை. அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையைச் சீவல் சீவலாக எடுத்து, 5,132 சீவல்களைச் செல் தெரியும் அளவுக்குப் படமாக்கியது. 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியானது. எந்தச் செல் எங்கே இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். முதல் வலி எப்போது வந்தது என்பது மட்டும் எந்தச் சீவலிலும் தெரியாது. படங்கள் இணையத்தில் இலவசம். போனைவிட லேப்டாப்பில் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள்.