வண்டிக்கு மூக்கை மாற்றினால் வேகம் கூடுமா?

பெரிய மார்க்கெட்டைச் சுற்றிச் சரக்கு இறக்கும் குட்டி யானை முதல் நம் வீட்டு வாசலில் நிற்கும் கார் வரை, வண்டி இல்லாத வணிகர் இன்று அரிது. அண்மைக் காலமாக நம் வீட்டுப் பிள்ளைகளிடையே ஒரு புது ஆசை பரவி வருகிறது. கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிளம்பிங் கடையில் மூன்று அங்குலக் குழாயும் வளைவும் வாங்கி, நுனியில் கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றைச் செருகி, கிளிப் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். "அப்பா, பிக்கப் எப்படி எகிறுது பாருங்க" என்கிறார்கள். அதைக் கேட்டு டெலிவரி வண்டிக்கும் அதையே போடச் சொல்லும் வணிக அன்பர்களும் உண்டு. போட்ட பணத்துக்கு வரவு எவ்வளவு என்று பார்ப்பது நம் தொழில் வழக்கம். இதற்கும் அப்படியே ஒரு கணக்குப் பார்த்தோம்.

எஞ்சின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நாம் பங்க்கில் போடும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 11 கிலோ காற்றை, அதாவது 9000 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை, வண்டி இனாமாக இழுத்துக்கொள்கிறது. பழைய மாருதி 800 காரின் எஞ்சின் 796 சி.சி. தான். அது முழு வேகத்தில் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், அந்த ஒரு நிமிடத்தில் இரண்டாயிரம் லிட்டர் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். மூச்சுத் தடைபட்டால் எஞ்சின் திணறும் என்று பிள்ளைகள் சொல்வது பொய்யல்ல.

ஆனால் இங்கே கணக்கு எடையில்தான் பார்க்க வேண்டும், அளவில் அல்ல. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் அளவில் ஒன்று. எடைபோட்டால் தெரியும் சங்கதி. சூடான காற்று பொரி மாதிரி. வெளியே 35 டிகிரி வெயில் என்றால், ஓடி நின்ற வண்டியின் பானெட்டுக்குள் 65 டிகிரிக்கும் மேலே போகும். அந்த 65 டிகிரிக் காற்றை எஞ்சின் இழுத்தால், எடையில் 100-க்கு 9 பங்கு குறைந்துவிடும். கம்பெனிக்காரன் குழாயின் வாயை முன்பக்கக் கிரில்லுக்கு அருகிலோ மட்கார்டுப் பக்கமோ கொண்டுபோய் வைத்திருப்பது இதற்காகத்தான். நம் பிள்ளை அதைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற எஞ்சினுக்கு மேலேயே கூம்பு ஃபில்டரைத் திறந்து வைக்கிறான். அரிசியைக் கொடுத்துவிட்டுப் பொரியை வாங்கிய வியாபாரம் இது. பிளம்பிங் குழாயும் அந்தச் சூட்டில் இளகி வளையக்கூடிய பொருள்.

பின்னே பிக்கப் கூடியதாகத் தோன்றுவது ஏன்? சத்தம்தான். கம்பெனிப் பெட்டியும் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு டப்பாவும் காற்று இழுக்கும் ஓசையை அடக்குவதற்காக வைத்தவை. அதை எடுத்ததும் வண்டி உறுமுகிறது. உறுமினால் ஓடுகிற மாதிரி இருக்கும். நேரு வீதி நெரிசலில் இரண்டாவது கியருக்கு மேல் போக வழியில்லாத வண்டிக்கு உறுமல் எதற்கு என்பது வேறு விஷயம்.

பந்தயக்காரர்கள் இதையெல்லாம் செய்கிறார்களே என்று கேட்கலாம். நம் பக்கத்திலேயே அதற்குப் பெரிய சரித்திரம் உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளமே வந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மில் குடும்பத்தில் பிறந்தவர், 1980-களின் பிற்பகுதியில் 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் காலமானார். கோவையில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வண்டியில் இருந்த எஞ்சின் எது தெரியுமா? நாம் மேலே சொன்ன அதே மாருதி 800 எஞ்சின்தான். குடும்பக் காரை இழுத்த அந்தச் சிறு எஞ்சினை, ஒருவர் மட்டும் உட்காரும் இலகுவான சட்டத்தில் வைத்தார். சுமை குறைந்ததும் அது பந்தயத்தில் ஓடியது.

நாம் செய்வது இதற்கு நேர் எதிர். 2005-ல் வந்த முதல் குட்டி யானைக்கு 702 சி.சி. டீசல் எஞ்சின், ஏற்றும் சுமை முக்கால் டன். 25 கிலோ அரிசிச் சிப்பம் முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் நாற்பது அடுக்கி, அதன் மேல் எண்ணெய் டின்னையும் ஏற்றி, பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று மெக்கானிக்கைத் திட்டுகிறார்கள். டீசல் எஞ்சின் ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் காற்று இழுக்கிறது. டீசல் அளவு மாறாமல் காற்றை மட்டும் கூட்டினால் பலம் வராது. பழைய கார்புரேட்டர் பெட்ரோல் வண்டியிலோ, காற்று கூடினால் ஜெட்டையும் மாற்ற வேண்டும்; இல்லையேல் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். புதிய வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சார் இருக்கிறது. குழாயை மாற்றும்போது அது இடம் மாறினால், கணக்குப்பிள்ளைக்குத் தவறான சீட்டு கொடுத்த கதைதான்.

ஃபில்டர் விஷயத்தில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் வைத்த பெட்ரோல் கார்களில், அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியதால் மைலேஜ் சொல்லத்தக்க அளவு கூடவில்லை. ஆனால் பிக்கப் 100-க்கு 6 முதல் 11 வரை தேறியது. பிள்ளைகள் தேடும் பிக்கப், புது ஃபில்டரிலேயே இருக்கிறது என்று ஆகிறது அல்லவா?

நம் தொழிலில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். மாவும் மிளகாய்த் தூளும் தவிட்டுத் தூசும் பறக்கும் இடத்தில் நம் வண்டிகள் நிற்கின்றன. அவை அடைப்பதோடு சரி. எஞ்சினைத் தின்பது சாலை மணல். அது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவரைக் கீறிவிட்டால், ஆயில் மேலேறி நீலப் புகை கக்கும். பிறகு போர் வேலைதான். அக்காலத்து அம்பாசடரில் ஆயில் தொட்டி வைத்த ஃபில்டர் இருந்தது. தூசு எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். இப்போது காகித ஃபில்டர். அதை உட்புறத்திலிருந்து வெளியே மெதுவாக ஊத வேண்டும், கழுவக்கூடாது. சல்லடைக் கண் பெரிதானால் மாவு வேகமாக இறங்கும், உமியும் கூடவே இறங்கும். மலிவான கூம்பு ஃபில்டரின் குணம் அதுதான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏர் ஃபில்டர் இதில் சேருமா என்று வாதாடலாம். ஆனால் சரக்கோடு சாலையோரத்தில் நின்று வாதாட யாருக்கு நேரம்?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தண்ணீர். விஷயம் தெரிந்த பிள்ளைகள், குளிர்ந்த காற்று வேண்டுமென்று குழாயை நீட்டி, வாயை முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைக்கிறார்கள். வெப்பக் கணக்குப்படி அது சரியே. ஆனால் நாம் இருப்பது புதுச்சேரி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் மூழ்கியது நாம் கண்டதே. மறுநாள், நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவரின் மகன், முழங்கால் தண்ணீரில் காரை இறக்கினான். பம்பருக்குப் பின்னால் குழாய் வாய். வண்டி இருமி நின்றது. பதற்றத்தில் இரண்டு முறை செல்ஃப் அடித்தான்.

மாருதி 800 போன்ற எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 கன சென்டிமீட்டர். இரண்டு மேசைக்கரண்டி அளவு. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. அதற்கு மேல் நீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளையும். அந்த காருக்கும் அதுவே ஆனது. தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்றும், குழாய் கம்பெனிப் பொருள் அல்ல என்றும் சொல்லி, இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்தார்கள். தீபாவளி விற்பனையில் மிச்சம் பிடித்தது எஞ்சின் வேலைக்குப் போனது. மகனை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அந்தப் பையனுக்குப் பொறுக்கவில்லை என்று கேள்வி.

பிள்ளை கட்டாயம் செய்தே தீருவேன் என்றால், தன் சொந்த காரில் செய்யட்டும். கடை வண்டியில் வேண்டாம். வாய் பானெட் உயரத்திலேயே இருக்கட்டும். எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே ஒரு தகடு மறைப்பு வைக்கட்டும். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள இணைப்புகளில் மயிரிழை ஓட்டை இல்லாமல் கிளிப் முறுக்கட்டும். சென்சார் இருந்த இடத்தில் இருக்கட்டும். கழற்றிய கம்பெனிப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல் பரணில் வையுங்கள்.

கடை வண்டிகளுக்கு, ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் வளையம் பொருந்தி இருக்கிறதா, எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; கிடங்கில் நிற்கும் வண்டியில் எலி நிச்சயம். தண்ணீரில் எஞ்சின் நின்றால் சாவியைத் தொடாமல் இறங்கித் தள்ளச் சொல்லி டிரைவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, எஞ்சினுக்குள் நீர் புகும் சேதத்துக்கும் பாதுகாப்பு தரும் கூடுதல் பிரிவு உங்கள் வண்டிக்குக் கிடைக்குமா, பிரீமியம் எவ்வளவு கூடும் என்று ஏஜெண்டிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.