நல்லது செய்யப் போறீங்களா? கதவைத் திறந்து வையுங்க!

என்.எஸ்.எஸ். கேம்ப்புக்குப் பேர் கொடுத்துட்டீங்களா? சபாஷ்! கிளம்புறதுக்கு முன்னாடி, நான் வாங்கின 'பல்பு' கதையை ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில ஏறினா, கல்வராயன்மலையில இருக்கு வெள்ளிமலை. சுத்துப்பட்டு ஊர்கள்ல வாழுறவங்க மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளாக்காரங்க இல்லீங்க, பேசுறது தமிழ்தான்!) அங்கே ஒரு மருத்துவ முகாமுக்கு உதவி செய்யப் போயிருந்தோம். எடை பார்த்து எழுதுறது என் வேலை. எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நின்னா. 'வாம்மா, அந்த ரூம்ல யாரும் இல்லை'ன்னு கூட்டிட்டுப் போய், எடை பார்த்து, ஒரு சாக்லேட்டும் கொடுத்து அனுப்பினேன். மனசுக்குள்ள ஒரே பெருமை.

வெளியே நர்ஸம்மா நின்னாங்க.

"தம்பி, நீ நல்ல பையன்தான். ஆனா, அது இந்தப் புள்ளையோட அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு இதே மாதிரி பேட்ஜ் குத்திக்கிட்டு வேற ஒருத்தன் வந்து கூப்பிட்டா, இவ பேசாமப் பின்னாடி போவா. அதைத்தான் இன்னிக்கு நீ பழக்கி விட்டிருக்கே."

முதல்ல கோபம் வந்துச்சு. ராத்திரி தூக்கம் வரலை.

இதெல்லாம் ஓவர்னு தோணுதா? ரெண்டு சம்பவம் சொல்றேன். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குணமாகும் என்று நம்பி, சொந்தக்காரர்களே கொண்டுவந்து விட்ட இடம் அது. 2023 பிப்ரவரி, விழுப்புரம் அருகே குண்டலப்புலியூர். அங்கிருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணோம் என்று உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு போனது. அதன்பிறகுதான் அனுமதியில்லாமல் அது இயங்கியதும், உள்ளே சித்ரவதை நடந்ததாகப் புகார்களும் வெளியே வந்தன. 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள்.

ரெண்டுமே 'உதவி செய்யுற இடம்'னு வெளியே பேர் வாங்கினவைதான். உள்ளே போய்க் கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை.

இப்போ சட்டம் தெளிவா இருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளியைச் சங்கிலியால் கட்டவே கூடாது. 2012 போக்சோ சட்டத்தைப் பாருங்க. பாதிக்கப்பட்ட சிறுமியைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்கணும். அப்போ பெற்றவங்களோ, அந்தக் குழந்தை நம்புற ஒருத்தரோ பக்கத்துல இருக்கணும். டாக்டருக்கே இந்த நிபந்தனைன்னா, நாம எம்மாத்திரம்?

எங்க லேப்ல எர்த் இல்லாம எந்த மெஷினையும் ஆன் பண்ண விடமாட்டாங்க. மெஷின் கெட்டதுன்னு அர்த்தமில்லை. என்னிக்காவது கெட்டுப்போனா ஆள் சாகக் கூடாது, அவ்வளவுதான். இந்த விதிகளும் அப்படித்தான்.

கேம்ப் பையில இதையும் போட்டுக்கோங்க:

* குழந்தையோட தனியறைக்குப் போகாதீங்க. வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருக்கட்டும், கதவு திறந்தே இருக்கட்டும்.

* தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடுங்க. 'வேணாம்'னா விட்டுடுங்க. வயசானவங்களுக்கும், மனநலம் பாதிச்சவங்களுக்கும் இதே மரியாதைதான்.

* நோயாளியோட செல்ஃபி வேண்டவே வேண்டாம். யாருக்கு என்ன நோய்ங்கிறது பஸ்ல பேசுற விஷயம் இல்லை.

* ஒரு குழந்தை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னா, பொறுமையா கேளுங்க. துருவித் துருவி விசாரிக்காதீங்க. 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்'னு சத்தியமும் பண்ணாதீங்க. போலீஸுக்குச் சொல்றது போக்சோ சட்டப்படி கட்டாயம். 1098-க்கும் கூப்பிடலாம்.

மறுநாள் அதே பொண்ணு, பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. "அண்ணா, பாட்டியும் உள்ள வரலாமா?"

"பாட்டி வந்தாத்தான் எடையே பார்ப்பேன்"னேன். தூரத்துல நர்ஸம்மா சிரிச்சது எனக்குத் தெரிஞ்சது.