குடிசார் பொறியியல்: நான்காண்டுக் கற்கையைத் திட்டமிடுவது எவ்வாறு?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும், கணிதப் பிரிவில் சிறந்த சித்தி பெற்ற மாணவர்களின் இல்லங்களில் ஒரே கேள்விதான் எழுகின்றது. எந்தப் பல்கலைக்கழகம் என்பதே அக்கேள்வி. மொறட்டுவையா, பேராதனையா, கிளிநொச்சி அறிவியல் நகரா, ஒலுவிலா என்று இசட் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எமது பெற்றோர் நாட்கணக்கில் ஆலோசிக்கின்றனர். அரச பல்கலைக்கழக அனுமதி கைகூடாவிடின், காணி பூமியை ஈடுவைத்தேனும் தனியார் கல்வி நிறுவனமொன்றில் பிள்ளையைச் சேர்த்துவிடத் துடிக்கின்றனர். ஆனால், அனுமதி கிடைத்த பின்னர் அந்த நான்கு ஆண்டுகளில் எதனை, எந்த ஒழுங்கில், எவ்வளவு நேரம் செலவிட்டுக் கற்பது என்ற கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே. பல்கலைக்கழகம் தரும் நேரசூசியே திட்டம் என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணமாகும்.

குடிசார் பொறியியலைப் பொறுத்தவரை இந்த எண்ணம் ஆபத்தானது. சில கற்கைநெறிகளில் ஒரு பாடத்தில் ஏற்பட்ட குறை அப்பாடத்துடனேயே முடிந்துவிடும். இங்கு அவ்வாறில்லை. முதலாம் ஆண்டின் கணிதமும் பொறிமுறையும் இரண்டாம் ஆண்டின் கட்டமைப்புப் பகுப்பாய்வைத் தாங்குகின்றன. அந்தப் பகுப்பாய்வு மூன்றாம் ஆண்டின் கொங்கிறீற், உருக்கு வடிவமைப்பைத் தாங்குகின்றது. இவை அனைத்தும் இறுதியாண்டின் வடிவமைப்புச் செயற்றிட்டத்தில் வந்து ஒன்றுசேர்கின்றன. அடித்தளத்தில் உள்ள பலவீனம் மேல்மாடியில் வெடிப்பாக வெளிப்படுவது போலவே, முதலாம் அரையாண்டில் விடப்பட்ட இடைவெளி மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகின்றது. அப்போது அதனைச் சரிசெய்ய நேரமிருப்பதில்லை.

இதனை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஒரு வளையின் மீது சீரான சுமை பரவியிருப்பதாகக் கொள்வோம். ஒரு மீற்றருக்கு உரிய சுமையும் வளையின் குறுக்குவெட்டும் மாறாதிருக்க, தாங்கிகளுக்கு இடையிலான தூரம் மாத்திரம் இரு மடங்காக்கப்பட்டால், வளையின் நடுவில் ஏற்படும் வளைவுத் திருப்பம் 4 மடங்காகின்றது. அதன் தொய்வோ 16 மடங்காகின்றது. இந்த 4 உம் 16 உம் எங்கிருந்து வருகின்றன என்பதை, உயர்தர இணைந்த கணிதத்தில் படித்த தொகையிடலை நன்கு விளங்கிக்கொண்ட மாணவனால் தானே பெற்றுக்கொள்ள முடியும். சூத்திரத்தை மனனம் செய்தவனுக்கு அது வெறும் எண்ணாகவே இருக்கும். வெள்ளவத்தையில் ஒடுங்கிய காணிகளில் எழும் தொடர்மாடிகளின் தரைத் தளத்தில் வாகனங்களை நிறுத்துவதற்காகத் தூண்களை விலக்கி அமைக்குமாறு உரிமையாளர் கேட்கும்போது, அதன் விலை என்ன என்பதை உடனே உணரக்கூடியவன் முன்னவனே.

இது வெறும் பரீட்சை விவகாரம் அன்று. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த மாதமே வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அண்மையில் பல மாடிக் கட்டடமொன்று இடிந்து வீழ்ந்தது. 2010 நவம்பரில் பெய்த பெருமழையின்போது பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த மழையாலும் மண்சரிவுகளாலும் நாடெங்கும் நூற்றுக்கணக்கான உயிர்களும் வீதிகளும் பாலங்களும் அழிந்தன. மண்ணையும் நீரையும் கட்டமைப்பையும் அறிந்தவர்களின் தேவை எவ்வளவு பெரியது என்பதை இவை காட்டுகின்றன. எனவே, ஒரு மாணவன் தன் பாடங்களை எவ்வாறு கற்றான் என்பது ஒருநாள் அக்கட்டடத்தில் வாழப்போகும் குடும்பங்களையும் பாதிக்கும் விடயமாகும்.

திட்டமிடலின் முதற்படி, பாடங்களைத் தனித்தனியே நோக்காது வரிசைகளாக நோக்குவதாகும். குடிசார் பொறியியலில் பிரதானமாக நான்கு வரிசைகளைக் காணலாம். பொறிமுறை, மூலப்பொருட்களின் வலிமை, கட்டமைப்புப் பகுப்பாய்வு, வடிவமைப்பு என்பன ஒரு வரிசை. புவிச்சரிதவியல், மண் பொறிமுறை, அத்திவாரப் பொறியியல் என்பன இரண்டாவது. பாய்மப் பொறிமுறை, நீரியல், நீர் வழங்கல், கழிவுநீர் அகற்றல் என்பன மூன்றாவது. நில அளவை, வீதி மற்றும் போக்குவரத்துப் பொறியியல், நிர்மாண முகாமைத்துவம் என்பன நான்காவது. மாணவன் முதல் வாரத்திலேயே தனது பீடத்தின் கைந்நூலைப் பெற்று, எந்தப் பாடம் எதற்கு முன்தேவையாக உள்ளது என்பதை ஒரு பெரிய தாளில் அம்புக்குறியிட்டு வரைந்துகொள்ள வேண்டும். எந்தப் பாடத்திலிருந்து அதிக அம்புகள் புறப்படுகின்றனவோ அந்தப் பாடத்துக்கே அதிக நேரம் ஒதுக்கப்படல் வேண்டும். கணிதமும் பொறிமுறையும்தான் பெரும்பாலும் அவ்விடத்தில் இருக்கும்.

இந்த வரிசைகளுள் முதலாவதற்கே எமது மாணவர்கள் கூடிய மதிப்பளிக்கின்றனர். உயரமான கட்டடத்தை வடிவமைப்பதே பொறியியல் என்ற கவர்ச்சி அதற்குக் காரணம். ஆனால் கொழும்பு நகரமோ மற்றைய வரிசைகளையும் சமமாக வேண்டி நிற்கின்றது. மாநகரின் கழிவுநீர் நீண்டகாலமாக முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள குழாய்களின் ஊடாகவே கடலில் சேர்க்கப்பட்டு வந்துள்ளது. அதாவது கொட்டாஞ்சேனைவாசிக்கும் வெள்ளவத்தைவாசிக்கும் நீர்ப் பொறியியல் தத்தம் வாசலில் உள்ள விடயமாகும். மண் பொறிமுறையை வறட்சியான பாடமாகக் கருதும் எமது மாணவர்கள், பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைவிற் கொள்வது நன்று. கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் இணைந்து அவர் 1963 இல் வெளியிட்ட களிமண் பற்றிய ஆய்வு, இன்றும் உலகெங்கும் மண் பொறிமுறை மாணவர்களால் கற்கப்படுகின்றது. பேராதனைப் பொறியியற் பீடாதிபதியாகவும் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கியவர் அவர்.

இரண்டாவது படி, நேரத்தைக் கணக்கிடுவதாகும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, செயன்முறை, ஒப்படை, சுயகற்றல் அனைத்தும் உள்ளடங்கலாக 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கின்றது. ஆண்டொன்றுக்கு 30 கிரெடிட் எனில் 1500 மணித்தியாலங்கள். கற்பித்தல் நடைபெறும் வாரங்கள் 30 எனக் கொண்டால் வாரத்துக்கு 50 மணித்தியாலங்களாகின்றன. வெள்ளவத்தையிலிருந்து கட்டுபெத்தைக்குக் காலி வீதியில் ஒரே பஸ்ஸில் சென்றுவிடலாம். கொட்டாஞ்சேனை மாணவனோ முதலில் புறக்கோட்டையை அடைந்து அங்கிருந்து வாகனம் மாற வேண்டும். நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலங்கள் பயணத்தில் கழியுமாயின், ஐந்து நாட்களில் 15 மணித்தியாலங்கள் கரைந்துவிடுகின்றன. அதற்கும் மேலாக, உயர்தர மாணவர்களுக்கு மாலை வகுப்பெடுத்துச் செலவுக்குப் பணம் தேடும் மாணவனின் நிலை எவ்வாறிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது முதலாம் ஆண்டிலாவது அவனை இச்சுமையிலிருந்து விடுவிக்கப் பெற்றோர் முயல வேண்டும்.

முதலாம் ஆண்டை நாம் வலியுறுத்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அரச பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் பொறியியற் பீடத்துக்கே அனுமதிக்கப்படுகின்றனர். முதல் அரையாண்டின் அல்லது முதலாம் ஆண்டின் பெறுபேறுகளும் மாணவனின் விருப்பமும்தான் அவன் குடிசார் துறைக்குச் செல்வானா, வேறு துறைக்குச் செல்வானா என்பதைத் தீர்மானிக்கின்றன. சித்தியடையாத பாடத்தை மீள எழுதும்போது பெரும்பாலும் 'சி' தரத்துக்கு மேல் வழங்கப்படுவதுமில்லை. ஆகவே, பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டோம், இனிச் சற்று ஓய்வெடுக்கலாம் என்று எண்ணும் அந்த முதல் நான்கு மாதங்களே பட்டத்தின் வகுப்பையும் துறையையும் பாதித்துவிடுகின்றன.

இங்குதான் மொழிப் பிரச்சினையும் குறுக்கிடுகின்றது. பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் கற்ற மாணவன் திடீரென ஆங்கிலத்தில் விரிவுரைகளை எதிர்கொள்கின்றான். உந்தம், தகைப்பு, விகாரம் என்று அவன் நன்கறிந்த எண்ணக்கருக்களே வேற்றுப் பெயர்களில் வந்து நிற்கின்றன. அவனுக்குக் குறைவாக இருப்பது அறிவன்று, சொற்களே. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலான நீண்ட காத்திருப்புக் காலத்தில், தான் கற்ற பௌதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் ஆங்கில நூலொன்றின் துணையுடன் மீண்டும் ஒருமுறை வாசித்துவிடுவானாயின் இச்சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பொதுவான ஆங்கிலப் பேச்சு வகுப்புகளைக் காட்டிலும் இது கூடிய பயனளிக்கும் என்பது எமது கருத்தாகும்.

மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் விருப்பத் தெரிவுப் பாடங்கள் வருகின்றன. எந்த விரிவுரையாளர் தாராளமாகப் புள்ளியிடுவார், நண்பர்கள் எதனை எடுக்கின்றனர் என்பவற்றைக் கொண்டே பலரும் தெரிவு செய்கின்றனர். இதற்குப் பதிலாக, இறுதியாண்டில் எத்தகைய ஆய்வைச் செய்ய விரும்புகின்றோம் என்பதை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து பாடங்களைத் தெரிவு செய்வதே சரியான முறையாகும். வெள்ளத் தடுப்பில் ஆர்வமுள்ளவனுக்கு நீரியலும் புள்ளிவிபரவியலும் வேண்டும். ஆழமான நிலக்கீழ்த் தளங்களில் ஆர்வமுள்ளவனுக்கு உயர் மண் பொறிமுறை வேண்டும். கைத்தொழிற் பயிற்சிக் காலத்தையும் இதே நோக்குடன் அணுக வேண்டும். காரியாலயத்தில் கணினி முன் மாத்திரம் அமர்ந்திருக்காது, அத்திவாரக் குழி தோண்டப்படும்போதும் கொங்கிறீற் இடப்படும்போதும் களத்தில் நிற்கக்கூடிய இடமொன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். இன்று கணினி மென்பொருள்கள் சில நிமிடங்களில் விடை தந்துவிடுகின்றன. அவ்விடை பொருத்தமானதா என்று கையால் கணித்துப் பார்க்கும் ஆற்றலே பொறியியலாளனை வேறுபடுத்துகின்றது.

தனியார் நிறுவனங்களையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கற்கைநெறிகளையும் நாடும் பெற்றோர் பணம் செலுத்துவதற்கு முன்னர் கவனிக்க வேண்டியது அங்கீகாரம் ஆகும். பொறியியற் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கை 1989 இல் ஆறு நாடுகளால் ஏற்படுத்தப்பட்டது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் அதில் முழு அங்கத்துவம் பெற்றது. ஆயினும் இந்த அங்கீகாரம் கல்வி நிறுவனம் முழுவதற்கும் வழங்கப்படுவதன்று. குறிப்பிட்ட பட்டப்படிப்புக்கு, குறிப்பிட்ட காலத்துக்கே வழங்கப்படுகின்றது. ஒரு நிறுவனத்தின் இலத்திரனியல் பட்டம் அங்கீகரிக்கப்பட்டிருப்பதால் அதன் குடிசார் பட்டமும் அங்கீகரிக்கப்பட்டதாகிவிடாது. பொறியியலும் பொறியியல் தொழில்நுட்பமும் ஒன்றல்ல என்பதும் கவனத்திற் கொள்ளப்படல் வேண்டும். 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க இலங்கை பொறியியற் பேரவைச் சட்டத்தின் கீழ் பொறியியல் தொழில் புரிவோர் பதிவு செய்யப்படுவதால், பட்டத்தின் பெயரில் உள்ள ஒரு சொல்லின் வேறுபாடுகூடப் பின்னாளில் பெரும் வேறுபாடாக அமையலாம். விளம்பரப் பிரசுரத்தை நம்பாது, இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்திடம் நேரடியாக வினவுவதே உசிதமானது.

இவ்வளவையும் பதினெட்டு, பத்தொன்பது வயது மாணவன் தனியே அறிந்து செயற்பட வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது. முதலாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்கை ஆலோசகர் ஒருவரை நியமிப்பதோடு நின்றுவிடாது, அவர் மாணவனைத் தவணைக்கு இரு தடவையேனும் சந்திப்பதைப் பீடங்கள் உறுதிப்படுத்த வேண்டும். கொழும்பில் எமது பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் பல இயங்குகின்றன. அவற்றில் அனுபவம் வாய்ந்த பொறியியலாளர்கள் ஏராளமாக உள்ளனர். ஆண்டுதோறும் இராப்போசன விருந்துகளையும் கிரிக்கெட் போட்டிகளையும் ஒழுங்கு செய்யும் இச்சங்கங்கள், பல்கலைக்கழகம் புகவிருக்கும் மாணவர்களுக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சில வார இறுதிகளிலேனும் வழிகாட்டல் வகுப்புகளை நடத்துவது பெரும் செலவுக்குரிய காரியமன்று. ஒரு மண்டபமும் ஒரு கரும்பலகையும் நான்கைந்து பொறியியலாளர்களின் மனமும் இருந்தால் போதுமானது. பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுசென்று விடுவதில் காட்டும் அக்கறையை, வாசலுக்கு அப்பாலும் காட்ட எமது சமூகம் முன்வர வேண்டும்.