குஞ்சின் வயிற்றில் சிகரெட் லைட்டர்!

பசிபிக் மாகடலின் நடுவே "மிட்வே" என்ற குட்டித் தீவுகள் இருக்கின்றன. அங்கே ஊர் இல்லை, தொழிற்சாலை இல்லை. லட்சக்கணக்கான அல்பட்ராஸ் பறவைகள்தான்!

அங்கு செத்துக் கிடக்கும் குஞ்சின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? பாட்டில் மூடி, பல் துலக்கும் பிரஷ், சிகரெட் லைட்டர்! எல்லாம் பிளாஸ்டிக்!

ஊட்டியது யார்? பெற்ற தாயும் தகப்பனும்தான்!

பறக்கும் மீன் என்று ஒரு மீன் உண்டு. கடலில் மிதக்கும் பொருள்களில் அது முட்டைகளை ஒட்டிவைக்கும். முன்பு மரக்கட்டை மிதந்தது. இன்று பிளாஸ்டிக்கும் மிதக்கிறது. இரை தேடிப் பல நூறு மைல் பறக்கும் அல்பட்ராஸ், முட்டையோடு பிளாஸ்டிக்கையும் விழுங்குகிறது. திரும்பி வந்து, ஆசையோடு குஞ்சின் வாயில் கக்குகிறது. அதற்கு என்ன தெரியும், பாவம்!

சில குஞ்சுகள் அதை வாந்தி எடுத்துப் பிழைக்கின்றன. மற்றவை? வயிறு நிறைந்திருக்க, பட்டினியால் வாடுகின்றன.

இங்கே "விஸ்டம்" என்றொரு கிழட்டுப் பறவை உண்டு. 1956-ல் அதன் காலில் வளையம் மாட்டினார்கள். அப்போது கடலில் பிளாஸ்டிக் அபூர்வம். 2024 கடைசியில், ஏறத்தாழ 74 வயதில், அது மறுபடியும் முட்டையிட்டது!

2025 ஜனவரியில் குஞ்சு பொரித்தது. அதற்கும் இரை அதே கடலிலிருந்துதான் வந்தது.