பத்தாவது ஆளின் விலை

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்

தொழிலாளி நோயுற்றால் அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் யார்? இக்கேள்விக்கு நம் நாடு 1948-ஆம் ஆண்டில் சட்டத்தின் வாயிலாக ஒரு விடை கண்டது. அதுவே தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம். இ.எஸ்.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் பி. பி. அதார்கர் 1944-இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்ட இத்திட்டம், 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கியது. இதனால் முதலாளிக்கு நேரும் செலவு எத்தகையது என்பதைச் சிறிது கணக்கிட்டுக் காண்போம்.

சந்தாக் கணக்கு

ஊதியத்தில் முதலாளி 4.75 விழுக்காடும் தொழிலாளி 1.75 விழுக்காடும் செலுத்தி வந்தனர். 2019 ஜூலையில் இவை 3.25 ஆகவும் 0.75 ஆகவும் குறைக்கப்பட்டன. மாத ஊதியம் 12,000 ரூபாய் எனில் முதலாளியின் பங்கு 390 ரூபாய். தொழிலாளியின் பங்கு 90 ரூபாய். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் முதலாளிக்கு ஆண்டுக்கு 93,600 ரூபாய் செலவாகும். சிறு தொழில் நடத்துவோர்க்கு இது சிறு தொகையன்று.

ஆனால் இச்சந்தா வேறொரு சுமையை இறக்கியும் வைக்கிறது. 2017-இல் மகப்பேறு விடுப்பு முதல் இரு குழந்தைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. அதே ஆண்டு ஈட்டுறுதிக்கான ஊதிய வரம்பு 21,000 ரூபாயாயிற்று. அவ்வரம்பின்படி 20,000 ரூபாய் பெறும் பெண்ணின் விடுப்பூதியத்தை ஈட்டுறுதிக் கழகம் தருகிறது. முதலாளி செலுத்துவது மாதம் 650 ரூபாயே. 22,000 ரூபாய் பெறும் பெண்ணுக்கோ ஆறு மாத ஊதியமான 1,32,000 ரூபாயை முதலாளியே தர வேண்டும். உரிமை ஒன்றுதான், முன்னதில் செலவு பலர்மேல் பரவுகிறது, பின்னதில் ஒருவர் தலையில் விழுகிறது. பெண்களை வேலைக்கு எடுக்கச் சிலர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமன்றோ?

ஒன்பதும் பத்தும்

பொதுவாகப் பத்துப் பேர் பணிபுரியும் இடங்களுக்கே இத்திட்டம் கட்டாயம். என் அண்ணன் வேலை செய்யும் பட்டறையில் ஒன்பது பேர் இருக்கின்றனர். வேலை எவ்வளவு குவிந்தாலும் பத்தாவது ஆள் வருவதில்லை. இதன் காரணத்தைக் கணக்குச் சொல்லும். எல்லோருக்கும் 12,000 ரூபாய் ஊதியம் என்று கொள்வோம். பத்தாமவர் சேர்ந்தால் பத்துப் பேருக்கும் சந்தா கட்ட வேண்டும். அது 3,900 ரூபாய். ஆகவே அந்த ஒரு ஆளின் உண்மையான விலை 15,900 ரூபாய்! பதினோராமவருக்கோ 12,390 ரூபாய்தான். சட்டம் இட்ட ஒரு கோடு, ஒன்பது பேரை அட்டையில்லாமலும் ஒருவரை வேலையில்லாமலும் நிறுத்திவிடுகிறது.

இறுதியில் சுமப்பவர் யார்?

முதலாளி தம் பங்கை ஊதியத்தில் பிடித்தம் செய்யச் சட்டம் இடந்தரவில்லை. எனினும் அடுத்த ஆண்டின் ஊதிய உயர்வைச் சற்றுக் குறைத்துக்கொள்ள அவரால் இயலும். அமெரிக்கப் பொருளியலறிஞர் லாரன்ஸ் சம்மர்ஸ் 1989-இல் இதை விளக்கினார். கிடைக்கும் நலனைத் தொழிலாளி மதித்தால் குறைந்த உயர்வுக்கும் இசைவார். வேலைவாய்ப்பும் பெரிதும் குன்றாது. மதிக்காவிட்டால் சந்தா வெறும் வரியாகிவிடும். அமெரிக்காவில் மகப்பேறு மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியபோது செலவின் பெரும்பகுதி ஊதியத்திலேயே இறங்கியதை ஜோனாதன் குரூபர் 1994-இல் எடுத்துக்காட்டினார்.

எனவே விழுக்காட்டைக் குறைப்பது மட்டும் வழியாகாது. மருந்தகத்தில் மருந்தும் மருத்துவரும் இருந்தால் 90 ரூபாயும் 390 ரூபாயும் வீண் என்று எவரும் சொல்லார். பத்தாவது ஆளிடம் சுவர்போல் நிற்கும் கோட்டைப் படிப்படியான ஏற்றமாக மாற்றினால், ஒன்பது பேர் உள்ள பட்டறைகளின் கதவும் திறக்கும். கணக்கு அதைத்தான் சொல்கிறது.