ஹெமியா, 440-ஆ? பழைய மஸில் காருக்கு எந்த இன்ஜின் வைப்பது?

2001-ல் வந்த ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ முதல் பாகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு கார் நினைவிருக்கும். பானெட்டைத் துளைத்துக்கொண்டு சூப்பர்சார்ஜர் நிமிர்ந்து நிற்கும் 1970 மாடல் டாட்ஜ் சார்ஜர். அப்பாவோடு சேர்ந்து உருவாக்கிய அந்தக் காரை ஓட்டவே தனக்குப் பயம் என்பார் வின் டீசல். காரின் உறுமலில் பலரும் அந்த வசனத்தைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால், அமெரிக்காவில் பழைய கார்களைத் தேடிப் பிடித்து மீட்டெடுப்பவர்களுக்கு அதன் அர்த்தம் நன்றாகவே புரியும். அளவுக்கு மீறிய இன்ஜினை வைத்துவிட்டு, கடைசியில் கராஜைவிட்டே வெளியே வராத கார்கள் அங்கே நிறைய உண்டு.

“இருக்கறதுலயே பெரிய இன்ஜினை வச்சிடலாம்” என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் ஆசை. அதில் தப்பில்லை. மஸில் கார் பிறந்ததே அந்த ஆசையில்தான். 1964-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு விதி இருந்தது. நடுத்தர அளவு கார்களுக்கு 330 கியூபிக் இன்ச்சுக்கு மேல் இன்ஜின் கூடாது. ஜான் டெலோரியன் இருந்த பான்டியாக் குழு, பெரிய காருக்கான 389 இன்ஜினை டெம்பஸ்ட் என்ற நடுத்தர காரில் ‘விருப்பத் தேர்வு’ என்று சேர்த்து விதியைச் சுற்றிப்போனது. அதுதான் ஜிடிஓ. சின்ன உடம்பு, பெரிய இதயம் என்ற அந்தக் கணக்கை டெட்ராய்ட் முழுக்கப் பின்பற்றியது.

இப்போது ஓர் உதாரணம். உங்கள் கையில் 1969 மாடல் டாட்ஜ் சார்ஜர் ஒன்று கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துரு இருக்கிறது, ஆனால் உடம்பு தேறும். உள்ளே இருப்பது 318 கியூபிக் இன்ச், அதாவது 5.2 லிட்டர் வி8. அந்த ஆண்டு சார்ஜருக்குக் கிடைத்த வி8-களில் இதுதான் சிறியது. இதற்கு மேலே 383 (6.3 லிட்டர்), 440 (7.2 லிட்டர்), உச்சியில் 426 ஹெமி (7 லிட்டர்). நம்ம ஊர் 1.2 லிட்டர் ஸ்விஃப்ட் இன்ஜின் ஆறைச் சேர்த்தால் ஒரு 440 வரும். எதை வைப்பது?

முதலில் நம்பரைப் படிங்க

ஸ்பானரை எடுப்பதற்கு முன்பு டேஷ்போர்டில், முன்கண்ணாடி வழியாகத் தெரியும் அடையாள எண்ணைப் பாருங்கள். 1968, 69 சார்ஜர்களில் அதன் ஐந்தாவது எழுத்து, தொழிற்சாலை வைத்த இன்ஜின் எது என்று சொல்லிவிடும். ‘எஃப்’ என்றால் 318, ‘எல்’ என்றால் 440 மேக்னம், ‘ஜே’ என்றால் ஹெமி. நம்ம ஆர்.சி. புக்கில் சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் சேர்ந்தே இருப்பது போல, அந்தக் கால கிரைஸ்லர் கார்களில் அடையாள எண்ணின் ஒரு பகுதி இன்ஜின் பிளாக்கிலும் அடிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ கார். சந்தை மதிப்பே வேறு.

எழுத்து ‘எல்’ ஆகவோ ‘ஜே’ ஆகவோ இருந்து, அசல் இன்ஜினும் உள்ளேயே இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதைக் கழற்றிச் சரிசெய்து திரும்ப வையுங்கள். எழுத்து ‘எஃப்’ என்றால்தான் உங்களுக்குச் சுதந்திரம். நீங்கள் ஹெமியே வைத்தாலும் அது ஹெமி கார் ஆகிவிடாது. ஹெமி வைத்த 318 கார், அவ்வளவுதான். விற்கும்போது அப்படித்தான் சொல்லியாக வேண்டும். பிளாக்கில் இருக்கும் நம்பரைச் சுரண்டி, பொருந்துகிற மாதிரி புதிதாக அடித்து ஏமாற்றும் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் வாங்குபவர்கள் பின் சீட் ஸ்பிரிங்குகளுக்கு அடியில் பழைய தொழிற்சாலைத் தாள் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று துழாவுகிறார்கள்.

ஹெமி ஏன் இவ்வளவு பிரபலம்?

பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் எரியும் அறை அரைக்கோள வடிவில் இருப்பதால் வந்த பெயர் ஹெமி. இந்த வடிவத்தில் பெரிய வால்வுகளை எதிரெதிரே சாய்த்து வைக்கலாம். காற்று தாராளமாக உள்ளே வந்து வெளியே போகும். வேகமாகச் சுழலும்போது வித்தியாசம் தெரியும். 1964 டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி ஹெமி வைத்த பிளைமவுத்தில் ஜெயித்தார். முதல் மூன்று இடமும் ஹெமி பிளைமவுத்துக்கே. ‘சாதாரண மக்களுக்கு விற்காத இன்ஜின் பந்தயத்தில் கூடாது’ என்று நாஸ்கார் கறார் காட்ட, 1966-ல் சாலைக்கான ஹெமி வந்தது. 1971-ல் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடைசி ஆண்டின் ஹெமி குடா கன்வர்டிபிள் ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

சரி, காகிதத்தில் கணக்கு என்ன? ஹெமிக்கு 425 குதிரைத்திறன். 440 மேக்னத்துக்கு 375. இடைவெளி 50. ஆனால் இந்த எண்கள் ‘கிராஸ்’ கணக்கு. ஏர் ஃபில்டர், சைலன்ஸர் போன்ற சுமை எதுவும் இல்லாமல் இன்ஜினைத் தனியாக மேடையில் வைத்து அளந்தவை. 1971-ல் கிரைஸ்லர், காருக்குள் இருக்கும் நிலையில் அளந்த ‘நெட்’ கணக்கையும் வெளியிட்டது. அதில் ஹெமி 350, 440 மேக்னம் 305. பழைய மஸில் காரின் குதிரைத்திறனை இன்றைய காரோடு அப்படியே ஒப்பிட்டுச் சண்டை போடுபவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கலாம்.

இன்னொரு எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இழுவிசை. 440, நிமிடத்துக்கு 3,200 சுற்றிலேயே 480 பவுண்ட்-அடி டார்க் தருகிறது. ஹெமி 490 தருகிறது, ஆனால் 4,000 சுற்றில். சிக்னலில் இருந்து கிளம்புவது, ஞாயிற்றுக்கிழமை ரவுண்டு அடிப்பது என்ற நிஜ வாழ்க்கையில் 440-ன் இழுவை காலடியிலேயே கிடைக்கும். ஹெமிக்கு இரண்டு நான்கு-பேரல் கார்புரேட்டர்கள். 1969 வரை வந்த ஹெமிகளில் வால்வு இடைவெளியை அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக்குகூட வால்வு கவரின் நடுவே குழாய்க்குள் இருக்கும். பந்தயக் குதிரையைக் கொண்டுவந்து வண்டியில் பூட்டிய மாதிரி.

அதனால், ‘எஃப்’ கார் வைத்திருப்பவருக்கு என் ஓட்டு 440-க்கே. 1966 முதல் 1978 வரை பெரிய கிரைஸ்லர் கார்கள், மோட்டார் ஹோம்கள் என்று எல்லாவற்றிலும் போட்டுத் தள்ளிய இன்ஜின் இது. பிளாக்கும் கிடைக்கும், பார்ட்ஸும் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: 70-களின் நடுவில் இருந்து வந்தவற்றில் அடித்துச் செய்த கிராங்குக்குப் பதில் வார்ப்புக் கிராங்க் இருக்கும். அவற்றின் சமநிலை வெளியே, டாம்பரிலும் டார்க் கன்வர்ட்டரிலும் இருக்கிறது. பழைய 440-ன் கன்வர்ட்டரை இதில் மாட்டினால் இன்ஜின் உதறும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

400 பிளாக் கிடைத்தால் அதுவும் நல்ல வழி. அதில் 440-ன் கிராங்கைக் கடைந்து பொருத்தி 451 கியூபிக் இன்ச் ஆக்குவது அங்கே பலர் அறிந்த வித்தை.

இன்ஜின் மட்டும் மாறாது

பட்ஜெட் உடைவது இங்கேதான். 440-ன் எடை சுமார் 300 கிலோ, ஹெமி அதைவிடவும் கனம். 318-க்கான டார்ஷன் பார், அதாவது முன்சக்கரங்களின் சுமையைத் தாங்கும் முறுக்குக் கம்பி, இதற்குப் போதாது. தடித்தது வேண்டும். ஹெமிக்கு, இன்ஜினைத் தாங்கும் ‘கே-மெம்பர்’ என்ற குறுக்குச் சட்டமே தனி. 318-ன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பெரிய இன்ஜினோடு நேரடியாகப் பொருந்தாது. போல்ட் துளைகளின் அமைப்பே வேறு. ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். பின் ஆக்ஸிலும் சந்தேகம்தான். தொழிற்சாலையே ஹெமியோடு நான்கு கியர் கேட்டவர்களுக்கு டானா 60 என்ற லாரித்தனமான ஆக்ஸிலைத்தான் கொடுத்தது.

பிரேக்கைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். 1969 சார்ஜரில் முன்பக்க டிஸ்க் பிரேக், கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குத்தான். உங்கள் கார் நான்கு பக்கமும் டிரம் பிரேக்கோடு வந்திருக்க வாய்ப்பு அதிகம். 7.2 லிட்டரை அதோடு சாலையில் விடுவது உங்களுக்கு மட்டும் ஆபத்து இல்லை. எதிரே வருபவரும் இருக்கிறார். நான் சொல்லும் வரிசை இதுதான்: பிரேக், சஸ்பென்ஷன், கூலிங், அப்புறம்தான் இன்ஜின். கையில் இருக்கும் பணத்தில் முதல் மூன்றும் முடிந்து மிச்சம் 383-க்குத்தான் போதும் என்றால், 383-யே வையுங்கள். பிளாக்கின் உயரம் கொஞ்சம் குறைவு, மற்றபடி 440-ன் தம்பிதான். பிறகு காசு சேர்ந்ததும் அண்ணனை இறக்கிக்கொள்ளலாம்.

எரிபொருளும் மாறிவிட்டது. இந்த இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு அது 1996-ல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட்டுகள் தேயும் என்பதால், ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான சீட்டுகளைப் போட்டுவிட வேண்டும். என்ஜின் ஆயில் விஷயம் இன்னும் மோசம். இன்றைய ஆயில்களில் துத்தநாகச் சேர்மம் குறைவு. பழைய பாணி கேம்ஷாஃப்ட்டுக்கு அது உயிர்நாடி. தவறான ஆயிலோடு ஸ்டார்ட் செய்தால், புத்தம் புது கேம் முதல் 20 நிமிடத்திலேயே தேய்ந்து, இரும்புத்தூள் இன்ஜின் முழுக்கப் பரவிவிடும்.

“இவ்வளவு தலைவலி எதுக்கு?” என்பவர்களுக்குப் புது இன்ஜின் வழி இருக்கிறது. 2003-ல் வந்த 5.7 லிட்டர் நவீன ஹெமி ஆரம்பத்திலேயே 345 குதிரைத்திறன், அதுவும் இன்றைய முறையில் அளந்தது. கார்புரேட்டர் இல்லை, ஃபியூயல் இன்ஜெக்ஷன். காலையில் ஒரே சாவித் திருப்பில் கிளம்பும். ஆனால் வயரிங், கம்ப்யூட்டர், ஆயில் பான், எரிபொருள் பம்ப் என்று எல்லாமே புதிதாக வேண்டும். சிலர் விலை குறைவு என்று செவ்ரோலே எல்எஸ் இன்ஜினை டாட்ஜுக்குள் வைப்பதும் உண்டு. ரஜினி ரசிகர் மன்றத்தில் கமல் படத்தை மாட்டுவது போலத்தான். ஓடும். ஆனால் கார் ஷோவில் பானெட்டைத் திறக்கும்போது நாலு பேர் முகம் சுளிப்பார்கள்.

எந்த வழியில் போனாலும் உள்ளே இருந்து எடுத்த 318-ஐப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். நம்பர் பொருந்துகிற பிளாக் அது. சிலிண்டர்களில் ஆயில் ஊற்றி, துளைகளை அடைத்து, பிளாஸ்டிக் சுற்றி கராஜ் மூலையில் வையுங்கள். நாளை காரை வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது, “பழைய இன்ஜின் இருக்கா?” என்றுதான்.