திண்டுக்கல் கேட்ட கணக்கு

பதவியில் அமர்ந்திருக்கும் ஒரு தலைவர் மக்களின் ஆதரவுக்கு இன்னமும் பாத்திரமானவர்தாமா என்ற வினாவுக்கு அரசியல் சாஸ்திர நூல்களில் விடை தேடுவோர், 1973ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி திண்டுக்கல் பாராளுமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலையும் ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும். அன்று வாக்குச் சாவடியில் நீட்டப்பட்ட காகிதச் சீட்டில் முதலமைச்சர் மு. கருணாநிதியின் பெயர் இல்லை. அவரை எதிர்த்துப் புறப்பட்ட எம்.ஜி. ராமச்சந்திரனின் பெயரும் இல்லை. ஆயினும், மறைப்புக்குள் சென்று ரப்பர் முத்திரையைக் கையில் எடுத்தவர்களில் பெரும்பாலோர், பூட்டுப் பட்டறைத் தொழிலாளியானாலும், சின்னாளபட்டித் தறிக்காரரானாலும், புகையிலைக் கிட்டங்கியில் கூலி வேலை பார்த்த பெண்ணானாலும், அவ்விருவரில் எவர் பக்கம் நிற்பது என்பதையே மனத்தில் நிறுத்திக்கொண்டுதான் அதனைச் சீட்டில் பதித்தார்கள்.

அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தபின் கருணாநிதி முதலமைச்சரானார். அதே ஆண்டில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தலைவராகவும் ஆனார். 1971ஆம் ஆண்டுத் தேர்தலில் 234 இடங்களில் 184 இடங்களை அவருடைய கழகம் கைப்பற்றியது. அத்தகைய பெரும்பான்மைக்கு அதிபதியான ஒருவரை நோக்கி, அதற்கு அடுத்த ஆண்டே, கழகத்தின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். திருக்கழுக்குன்றத்துக் கூட்டத்தில் கணக்குக் கேட்டார். மந்திரிகளும் கட்சிப் பொறுப்பில் இருப்போரும் தங்கள் சொத்து விவரத்தை வெளியிட வேண்டும் என்பதே அந்தக் கேள்வியின் சாரம். சில தினங்களுக்குள் அவர் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். 1972 அக்டோபர் 17ஆம் தேதி அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது.

பின்னர் நடந்தவற்றுள் இன்றைய வாசகர் பலர் மறந்துபோன ஒன்று உண்டு. முதலமைச்சர் மக்களிடம் மீண்டும் சென்று அவர்களுடைய தீர்ப்பைப் பெற்று வர வேண்டும் என்று சபாநாயகர் கே.ஏ. மதியழகனே சட்டசபையில் யோசனை கூறினார். டிசம்பர் 2ஆம் தேதி அவருக்கு எதிராகவே தீர்மானம் வந்தது. துணைச் சபாநாயகர் பெ. சீனிவாசன் (1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர்) இன்னொரு ஆசனத்தில் அமர்ந்து சபையை நடத்தலானார். ஒரே மண்டபத்தில், ஒரே வேளையில், இரண்டு சபாநாயகர்கள்! ஆதரவு உண்டா இல்லையா என்ற விவாதம் நியாயமாக நடந்திருக்க வேண்டிய இடம் அந்தச் சபைதான். அங்கே அது கூச்சலில் மூழ்கிப்போனமையால்தான், அவ்விவாதம் கோட்டை வாசலைக் கடந்து, மலைக்கோட்டையின் அடிவாரத்துக்கும் அதனைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது என்பது என் துணிபு.

வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு மரணம். தி.மு.க.வின் சார்பில் வென்றிருந்த உறுப்பினர் ராஜாங்கம் காலமானதால் தொகுதி காலியாயிற்று. நம் அரசியல் சட்டத்தில் முதலமைச்சரைப் பதவிக் காலத்தின் நடுவே திரும்ப அழைக்கும் உரிமை வாக்காளருக்கு இல்லை. ஆகவே தற்செயலாக நேரும் இடைத்தேர்தலே அவர்கள் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லக்கூடிய மார்க்கமாகிறது. அமெரிக்காவில் ஜனாதிபதியின் நான்காண்டுக் காலத்தின் நடுவில் காங்கிரஸ் தேர்தல் வந்து அந்த வேலையைச் செய்கிறது. இலங்கையிலோ, 2019 நவம்பரில் 69 லட்சம் வாக்குகள் பெற்று ஜனாதிபதியான கோத்தாபய ராஜபக்ச, அரிசிக்கும் எரிபொருளுக்கும் மக்கள் திண்டாடிய 2022ஆம் ஆண்டில், காலிமுகத்திடலில் திரண்ட ஜனங்களின் எதிர்ப்பைத் தாங்கமாட்டாமல் ஜூலை மாதம் நாட்டை விட்டே வெளியேறிப் பதவி துறந்தார். அபிப்பிராயத்தைச் சொல்ல வேறு வழி இல்லாத இடத்தில் மக்கள் வீதிக்கு வருகிறார்கள். திண்டுக்கல் மக்களுக்கு ஒரு வாக்குப்பெட்டியாவது வாய்த்தது.

புதிய கட்சியின் அபேட்சகர் மாயத்தேவர் ஒரு வழக்கறிஞர். அவர் தேர்ந்துகொண்ட சின்னம் இரட்டை இலை. சுவரில் எவரும் வரைந்துவிடலாம், வரையத் தெரியாதவர் இரண்டு விரல்களை விரித்துக் காட்டினாலே போதும். தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு, மே 11ஆம் தேதி, எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைக்கு வந்தது. வாக்குகளை எண்ணியபோது மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றிருந்தார். காமராஜரின் ஸ்தாபன காங்கிரசைச் சேர்ந்த சித்தன் இரண்டாவதாக வந்தார், ஆளுங்கட்சியின் பொன். முத்துராமலிங்கம் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

இந்தத் தீர்ப்பு நியாயமானதா? நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15ஆகக் குறைத்தது, குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது, மாநில சுயாட்சியை ஆராய ராஜமன்னார் குழுவை நியமித்தது ஆகிய யாவும் அந்த அரசின் வரவுப் பக்கத்தில் நிற்பவை. அவற்றை மறைத்துவிட்டுப் பேசுவது விவாதமாகாது. எதிர்ப் பக்கத்தில் 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தியதும், ஏறிக்கொண்டே போன அரிசி விலையும், விடை சொல்லப்படாத சொத்துக் கேள்வியும் நின்றன. வெள்ளித்திரை நாயகனிடம் கொண்ட பக்தியால் விழுந்த வாக்குகள் அநேகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்தி ஒன்றே காரணம் என்று சொல்லிவிடுவது, கள்ளுக்கடை வாசலில் கணவனைத் தேடி நின்ற ஒரு பெண்ணின் விவேகத்தை அவமதிப்பதாகும். கேள்வி கேட்டவனை வெளியேற்றியவருக்கு ஆதரவு தர மாட்டோம் என்று அவள் சொல்லியிருந்தால், அதைவிட நேரான நியாயம் வேறு எது?

அதே சமயம், தோல்வி வேறு, குற்றம் ருஜுவாவது வேறு. வாக்காளர் நம்பிக்கையைத் தரவும் திரும்பப் பெறவும் முடியுமேயன்றி, எவரையும் குற்றவாளி என்று தீர்மானிக்க அவர்களுக்குச் சாட்சியமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அதற்கான சர்க்காரியா கமிஷன் 1976இல்தான் வந்தது. முதலமைச்சர் ராஜினாமா செய்யவில்லை. செய்தாக வேண்டிய சட்டக் கட்டாயமும் இல்லை. எனினும் அவர் செவியை மூடிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. பொது வாழ்வில் உள்ளோரின் ஊழலை விசாரிப்பதற்கென்றே ஒரு சட்டம் அவருடைய ஆட்சியிலேயே நிறைவேறி 1974இல் அமலுக்கு வந்தது. திருக்கழுக்குன்றத்துக் கேள்விக்கு, இரண்டாண்டு தாமதித்தேனும், சட்டப் புத்தகத்தில் ஓர் இடம் கிடைத்தது.

அந்தச் சட்டத்தின் கதையில்தான் எனக்கு ஆறாத வருத்தம். 1977 ஜூனில் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார்; செப்டம்பரில் அவருடைய ஆட்சியே அதனை ரத்து செய்தது. சட்டத்தில் குறைகள் இருந்திருக்கலாம், குறைகளைத் திருத்தியிருக்கலாமே! கணக்குக் கேட்டவர் என்பதற்காக அவர் பக்கம் நின்ற திண்டுக்கல் வாக்காளருக்கு, இனித் தாமும் தம் மந்திரிகளும் எந்தச் சட்டத்தின்கீழ்க் கணக்குக் காட்டப்போகிறோம் என்பதை அன்றே அவர் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.